மறுமொழி: மரக்காட்சியின் பல அடுக்கு டெம்ப்ளேட்டுக்கு என்ன சொல்?

வணக்கம். கையேட்டை நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும், மரக்காட்சி (ட்ரீவியூ, திரையில் கிளை கிளையாக விரியும் பட்டியல்) பற்றிய இயல் மட்டும் 'ஹயரார்க்கிகல் டேட்டா டெம்ப்ளேட்' என்பதற்கான இந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது.

நேற்றைய பேச்சு 'ஹயரார்க்கி' என்ற சொல்லையே சுற்றிப் போய்விட்டது. அந்த டெம்ப்ளேட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் செயலிகளின் திரையை அமைக்க உதவும் டபிள்யூபிஎஃப்பில் சாதாரண டேட்டா டெம்ப்ளேட், ஒரு தரவு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வதோடு சரி. ஹயரார்க்கிகல் டேட்டா டெம்ப்ளேட் அதோடு, ஐட்டம்ஸ்சோர்ஸ் என்ற பண்பின் வழியாக, அந்தத் தரவின் பிள்ளைகளை எங்கே எடுப்பது என்றும் சொல்லும். கோப்புறை வகைக்கு ஒன்று எழுதிவிட்டால் கோப்புறைக்குள் கோப்புறை என்று எத்தனை ஆழம் போனாலும் அதுவே திரும்பத் திரும்ப வரும். கோப்பு வந்ததும் நின்றுவிடும், அதற்குச் சாதாரண டெம்ப்ளேட்டே போதும்.

அதனால்தான் 'படிநிலை' எனக்கு ஒட்டவில்லை. அது உயர்வு தாழ்வைச் சொல்கிறது, இங்கே நடப்பது கிளைப்பது. 'அடுக்கு' நல்ல சொல், ஆனால் இதே கையேட்டில் ஸ்டாக்குக்குக் கொடுத்துவிட்டேன்.

'சினை' முன்வைத்த ஐயாவுக்கு: முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை என்று இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது, கிளை என்ற பொருளும் அதற்கு உண்டு, பொருத்தம் என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கும். ஆனால் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குச் சினை என்றதும் சினைமாடுதான் நினைவுக்கு வரும். ஒருமுறை விளக்கினால் போதும் என்கிறீர்கள், திரையைப் பார்த்தபடியே கையேட்டைப் புரட்டுபவருக்கு யார் பக்கத்தில் இருந்து விளக்குவது?

அப்புறம் டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு'. வார்த்து எடுத்தது வார்ப்பு, வார்க்க உதவுவது அச்சு, ஆகவே டெம்ப்ளேட் என்பது அச்சுதான் என்ற வாதம் வேர்ப்படி சரி. ஆனால் அதே திரையில் 'அச்சிடு' என்ற கட்டளையும் இருக்கிறதே! தமிழ் விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்றே பழகிவிட்டது, பழகிய சொல்லைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

ஆக, கிளைவார்ப்புரு. கிளை மறுபடி கிளைக்கும். கிளைஞர் என்றால் உறவினர், எனவே பெற்றோர் பிள்ளை உறவும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பிள்ளைகள் இல்லாத நுனிக்கு 'இலை' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள், ஐயா இன்னும் ஒப்பவில்லை. அவருடைய சினைவார்ப்புருவையும் சொல்லடைவில் சேர்த்துவிடுகிறேன், தேடுபவருக்குக் கிடைக்கட்டும்.

பன்மை வார்ப்புருக்களா, வார்ப்புருகளா? கையேட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.