சால்டேஷன்: மணற்றாவலா, தத்தலா?

> பாடநூலில், காற்றில் மணல் துகள்கள் எம்பி எம்பி நகர்வதைக் குறிக்கும் ‘சால்டேஷன்’ (saltation) என்பதற்கு ‘மணற்றாவல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம். முதலில் ‘மணல்’ வேண்டாம். பாலையில் இதே வேலையைக் காட்டாற்று வெள்ளமும் செய்கிறது. அங்கே பரற்கற்களும் எம்பி எம்பித்தான் போகின்றன. நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் அந்த எம்பல் குட்டையாக அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் பொதுவான சொல்தான் நமக்குத் தேவை. தவிர, புணர்ச்சி விதி சரியாகவே இருந்தாலும் ‘றாவல்’ என்றால் என்ன என்று மாணவர் கேட்பார்.

‘தாவல்’ என்பதிலும் எனக்கு மனமில்லை. குரங்கு தாவுகிறது என்றால் குறிவைத்து ஒரே பாய்ச்சல். மணல் துகள் அப்படியா? விருட்டென்று மேலே எழும்புகிறது, காற்று முன்னே தள்ளத் தள்ளச் சாய்வாக இறங்குகிறது, விழுந்த இடத்தில் நாலைந்து துகள்களைத் தெறிக்கவிட்டுத் தானும் மறுபடி கிளம்புகிறது. தன்னைப்போல் ஆறு மடங்கு விட்டமுள்ள துகளைக்கூட அது மோதி நகர்த்திவிடும் என்று 1941-இலேயே மணல் ஆய்வாளர் பாக்னால்டு எழுதியிருக்கிறார். (அப்படித் தரையோடு நகர்வதற்கு ‘ஊர்தல்’ போதும், அதில் சண்டை இல்லை.)

என் பரிந்துரை: தத்தல். வெட்டுக்கிளிக்குத் தத்துக்கிளி என்றும் பெயர் உண்டல்லவா? அதே தத்து. காற்றுத்தத்தல், நீர்த்தத்தல், தத்துயரம் (தத்தும் உயரம்), தத்துமணல் என்று கிளைகளும் தடையில்லாமல் வருகின்றன.

> தத்து என்றதும் தத்தெடுப்புதான் நினைவுக்கு வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த ‘துள்ளல்’ போதாதா?

தத்தெடுப்புக் குழப்பம் ‘தத்து’ என்று தனியாக நிற்கும்போதுதான். ‘தத்தல்’ என்றால் வராது. துள்ளல் மோசமில்லை, ஆனால் நின்ற இடத்திலேயே துள்ளலாம். தத்தினால் இடம் பெயர்ந்தாக வேண்டும். ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “தத்தும் மணல் பெரும்பாலும் தரையையொட்டியே பறப்பதால் காளான் பாறையின் அடிப்பகுதி அதிகமாக அராவப்படுகிறது.” இதில் ‘துள்ளும் மணல்’ என்று மாற்றினால் பாடநூல் குழந்தைப் பாட்டாகிவிடுகிறது.

> சரி, தத்தல் இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் ‘துள்ளல்’ என்றும் சேர்த்துவிடுகிறேன்.

சேருங்கள் ஐயா, முதல் பதிப்புக்கு மட்டும்.