ஃபேவர் லூபா பழைய வாட்ச்: 1737 நிஜமா?

கேள்வி (வண்ணாரப்பேட்டை): எம்.சி. ரோடு பக்கம் ஃபேவர் லூபா சீ கிங் ஒன்னு விலைக்கு வருது. 1737-லயே ஆரம்பிச்ச கம்பெனியாமே? வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

பதில்: நிஜம்தான் தம்பி. ஸ்விட்சர்லாந்துல லெ லோக்ல் ஊர்ல ஆப்ரகாம் ஃபேவர் தொடங்கினது. 1815-ல லூபா குடும்பம் சேர்ந்துச்சு. எட்டு தலைமுறை நடத்தினாங்க, பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ் வாட்ச் வந்து கவுத்துடுச்சு. 2011-ல டாடா குழுமம் வாங்குச்சு.

பதில்: கதை இருக்கட்டும், டயலை லென்ஸ்ல பாருங்க. எழுத்து தடிச்சு, அடியில 'ஸ்விஸ் மேட்' கோணலா இருந்தா மறுபெயிண்ட். பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க. 251 மெஷின்னா டபுள் பேரல், அதாவது ஸ்பிரிங் சுத்தி வெச்ச டப்பா ரெண்டு இருக்கும். முழுசா சாவி கொடுத்தா 50 மணி நேரம் ஓடணும். 30-லயே நின்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்ல எண்ணெய் காஞ்சிருக்கும். மாத்தினா ரெண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாத்துங்க.

பதில்: சாவித்தண்டுல துரு இருக்கான்னும் பாருங்கண்ணா. காசிமேடு உப்புக்காத்து வாஷர் இத்துப்போன வாட்சை விடாது.