புதுப்பிப்பு: மகனின் ரத்தசோகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது

மூன்று மாதம் முன்பு இங்கே எழுதியிருந்தேன். இரண்டு வயது மகனுக்கு ஓயாத சளி, காதில் சீழ், இன்னும் நடை வரவில்லை. போதாததற்கு, உடலே தன் சிவப்பணுக்களை அழிக்கும் ரத்தசோகை. "யூரிக் அமிலம் எவ்வளவு என்று பாருங்கள்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்தேன். நான்கிலும் 1-க்குக் கீழே. கூடினால்தானே கவலை என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான லிம்போசைட்டுகளும் குறைவு.

பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்போரிலேஸ் என்ற நொதியின் குறைபாடு. 1975-இல்தான் முதன்முதலில் பதிவான நோய். நொதி இல்லாததால் யூரிக் அமிலம் உருவாகும் பாதை நடுவிலேயே அடைபடுகிறது. தேங்கும் பொருள் லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்களைக் கொல்கிறது. சிலருக்கு யூரிக் அமிலம் இயல்பாகவும் இருக்கலாமாம், அதை மட்டும் நம்பி விலக்கிவிடாதீர்கள். இன்னொன்று: நொதியைச் சிவப்பணுக்களில் அளப்பதால், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அளவு ஏமாற்றும். அதனால் எங்களுக்கு மரபணுப் பரிசோதனைதான் உறுதி சொன்னது. நானும் கணவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமக்கிறோம், எங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கிடையாது, கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும். அடுத்தது எலும்பு மஜ்ஜை மாற்று. நடை எவ்வளவு தேறும் என்று மருத்துவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அக்காவின் மஜ்ஜை பொருந்துமா என்ற முடிவு அடுத்த வாரம் வரும்.