அப்டேட்: உடம்பு முடியாம உதவித்தொகைல இருக்கேன், வேலைக்குப் போன்னு நெருக்குறாங்க

போன மாசம் எழுதியிருந்தேன்ல, முதுகுவலியும் ஓயாத அசதியுமா உதவித்தொகைல இருக்கேன், உதவித்தொகை ஆபீஸ்ல ஒவ்வொரு மீட்டிங்லயும் "எப்ப வேலைக்குப் போவீங்க"ன்னு கேட்டு கேட்டு தூக்கமே போச்சுன்னு. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு வாரம் டைரி எழுதினேன், எவ்வளவு நேரம் உட்கார முடியுது, ஒருநாள் கொஞ்சம் கூட அலைஞ்சா அடுத்த ரெண்டு நாள் என்ன ஆகுது, குளிக்கறதுக்குள்ள எத்தனை தடவை உட்கார்ந்து எந்திரிக்கிறேன், எல்லாம். அதை டாக்டர்கிட்ட காட்டினதும் லெட்டர்ல வியாதி பேரை மட்டும் போடாம என்னென்ன செய்ய முடியாதுன்னு விவரமா எழுதிக் கொடுத்தாங்க, இதுதான் பெரிய வித்தியாசம்னு நினைக்கிறேன், ஏன்னா ஒரு வேலையை ஒருநாள் செஞ்சுடலாம், தினமும் திரும்பத் திரும்ப செய்ய முடியுமாங்கறதுதானே கேள்வியே.

மீட்டிங்குக்கு அக்காவையும் கூட்டிட்டுப் போனேன். "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கீங்க"ன்னாங்க, முன்னாடின்னா தலையாட்டியிருப்பேன், இந்த தடவை டைரியைத் திறந்து போன மீட்டிங்குக்கு மறுநாள் என்ன ஆச்சுன்னு காட்டினேன். வேலை தேடுற நிபந்தனையை இப்போதைக்கு தளர்த்தியிருக்காங்க, எழுத்துல கேட்டு வாங்கிட்டேன். மறுபடி கூப்பிடுவாங்க, பயம் போகல. வீட்ல அப்பா இன்னும் "சும்மாதானே இருக்கே"ங்கிறார், அதுதான் ரொம்ப வலிக்குது.

உதவித்தொகை கிடையாதுன்னு மறுப்புக் கடிதம் வந்தவங்க அப்பீலுக்கு கடைசி தேதி என்னன்னு முதல்ல பாருங்க ப்ளீஸ், அதை விட்டுடாதீங்க.