கடற்கரையில் ஒரு வீட்டுப் பேண்ட்சா: நேர்வெட்டு கிடைத்த அனுபவங்கள்

பாம்பன் உறுப்பினர்:

வீட்டின் பின்கொட்டகையில் விசைப்படகுகளுக்கான சிறு சாமான்களைச் செய்து கொடுத்து வருகிறேன். கைப்பிடிக் குழாய், ஆங்கிள் சட்டம், ஷாஃப்ட் துண்டு என்று எதை எடுத்தாலும் முதல் வேலை அறுப்பதுதான். கட்டிங் வீலின் தீப்பொறியும் இரைச்சலும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால், நாலுக்கு ஆறு அங்குலம் அறுக்கக்கூடிய பேண்ட்சா (இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பிளேடால் இரும்பை அறுக்கும் எந்திரம்) ஒன்றைப் புதிதாக வாங்கினேன். வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெட்டியைப் பிரித்த அன்றே அறுக்கத் தொடங்கும் பொருள் அன்று இது. பாகங்கள் எல்லாம் வந்துவிடும். அவற்றை ஒன்றோடொன்று இசைய வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தபோது அடியில் வார்ப்பு மணல் படிந்திருந்தது. உள்ளே இருக்கும் வெண்கலப் பற்சக்கரத்தை அந்த மணல் அரைத்துவிடும் என்பதால், மண்ணெண்ணெய் விட்டு நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே புது கியர் ஆயில் ஊற்றினேன். உடன் வந்த தகரக் கால்கள் ஆடியதால் அவற்றுக்குப் பதிலாக ஆங்கிளில் ஒரு சட்டம் பற்றவைத்துக்கொண்டேன்.

அதிக நேரம் எடுத்தது பிளேடின் ஓட்டம்தான். பிளேடின் முதுகு சக்கர விளிம்பை நெருங்கி ஓட வேண்டும், ஆனால் அதில் உரசக்கூடாது. உரசினால் நாளடைவில் முதுகோரத்தில் விரிசல் விழும். மிகவும் விலகினால் பிளேடு கழன்றுவிடும். பிளேடை வளையாமல் தாங்கும் கைடு பேரிங்குகளை முதலில் தளர்த்திவிட்டு, மோட்டாரோடு சேராத சக்கரத்தின் சாய்வை மட்டும் சிறிது சிறிதாகத் திருத்தி, ஓட்டம் நிலைத்த பிறகே பேரிங்குகளைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். மோட்டாரை நிறுத்தி, பேரிங்கை விரலால் உருட்டினால் லேசான பிடிப்போடு சுழல வேண்டும். அதுதான் சரியான அளவு. அதன் பின் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தளத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, பல் வரிசையைத் தொடாமல் பிளேடின் பக்கத்தோடு மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

வெட்டு நேராக விழுகிறதா என்பதை ஒரு ராடை வைத்தே கண்டுபிடிக்கலாம். முனையை அறுத்து, மேற்புறத்தில் சாக்பீஸால் குறியிட்டு, குறி கீழே வரும்படி ராடை அரைச் சுற்று திருப்பிப் பிடித்து, மெல்லிய வில்லை ஒன்றை அறுத்தெடுங்கள். திருப்பாமல் அறுத்தால் இரண்டு முகங்களும் ஒரே பக்கம் சாய்ந்து, வில்லையின் கனம் எங்கும் ஒன்றாகவே இருக்கும், பிழையும் ஒளிந்துகொள்ளும். திருப்பி அறுத்தால் பிழை இரு மடங்காகி, கனத்தை அளக்கும் வெர்னியரில் தெளிவாகத் தெரியும். மேலுக்கும் கீழுக்கும் கனம் வேறுபட்டால் கைடுகளைத் திருத்த வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபட்டால் வைஸின் அசையாத தாடையைத் திருத்த வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் எந்தத் திருகில் கை வைப்பது என்ற குழப்பமே வராது.

தொண்டி உறுப்பினர்:

அண்ணன் சொன்ன வில்லைச் சோதனை மிகவும் பயனுள்ளது. அதோடு பிளேடைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். உடன் வரும் கார்பன் பிளேடை ஓரமாக வைத்துவிட்டு பைமெட்டல் (பல்லும் முதுகும் வெவ்வேறு எஃகால் ஆன) பிளேடு வாங்குவது நல்லது. இரும்பின் கனத்தில் எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. அங்குலத்துக்கு 14 பற்கள் கொண்ட பிளேடில் பல்லுக்குப் பல் இடைவெளி ஏறக்குறைய 1.8 மி.மீ. ஆகவே 6 மி.மீ. பட்டைக்கு அது பொருந்தும், 3.2 மி.மீ. சுவர்க் கனமுள்ள குழாய்க்கு 24 பற்கள் கொண்ட பிளேடு வேண்டும். ஆங்கிளைக் கூரை போல முதுகு மேலாகக் கவிழ்த்துப் பிடித்தால், அதன் இரண்டு பக்கங்களும் சீராக அறுபடும், பல்லும் உடையாது.

படகுக்காரர்கள் கொண்டுவரும் 304, 316 தர ஸ்டெயின்லெஸ் ராடுகளுக்குப் பெல்ட்டை மிகக் குறைந்த வேகத்தில் போட்டு, அழுத்தத்தை விடாமல் அறுக்க வேண்டும். பற்கள் வெட்டாமல் தேய்ந்துகொண்டே போனால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு புது பிளேடும் வழுக்கும்.

கீழக்கரை உறுப்பினர்:

நம் கரையில் இந்த எந்திரத்துக்கு முதல் எதிரி உப்புக்காற்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பையே அது அரித்ததால், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. எனவே வேலை முடிந்ததும் பிளேடின் இழுவையைத் தளர்த்தி, வைஸ் தளத்திலும் சக்கரங்களின் பக்கங்களிலும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுகிறேன். பிளேடு ஓடும் சக்கரப் பரப்பில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, பிளேடு வழுக்கும். பாலித்தீன் உறைக்குள் ஈரம் தங்கிவிடுவதால் பழைய பருத்திப் போர்வையால்தான் மூடுகிறேன்.

அறுக்கும்போது பிளேடைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் (எண்ணெய் கலந்த தண்ணீர்) கலக்க ஆழ்துளைக் கிணற்று உவர்நீரை எடுக்காதீர்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், மறுநாளே தளத்தில் துரு பூக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ எடுத்து, எண்ணெயைத்தான் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். தண்ணீரை எண்ணெயில் ஊற்றினால் சரியாகக் கலக்காது.

இன்னொன்று, கூலண்ட் தெறிக்கும் எந்திரத்துக்கு எர்த் மிகவும் முக்கியம். மேல்மணல் காய்ந்துவிடும் இடங்களில் எர்த் கம்பியை ஈரம் நிற்கும் ஆழம் வரை இறக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றையும் எலக்ட்ரீசியனிடம் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள்.