விஷ்ஷா, ஹோப்பா: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் டியூஷன் மிஸ்
ஒன்பதாம் வகுப்புப் பையன். அப்பா விசைப்படகில் போனவர், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார். நம் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. உன் ஆசையை ஆங்கிலத்தில் எழுது என்று பள்ளியில் சொன்னதற்கு, 'ஐ ஹோப் மை ஃபாதர் கம்ஸ் ஹோம் பிஃபோர் கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருக்கிறான். அன்றைய பாடம் விஷ் என்பதால், சிவப்பு மையில் ஹோப்பை அடித்து விஷ் போட்டு, 'கம்ஸ்' என்பதை 'கேம்' ஆக்கிவிட்டார்கள். நோட்டை விரித்துப் பிடித்தபடி கேட்டான்: "மிஸ், இல்லாததுக்குத்தான் விஷ்னு நீங்க சொன்னீங்க. அப்ப அப்பா வரமாட்டாங்களா?"

அவன் எழுதியதுதான் சரி. இனிமேல் நடக்க வாய்ப்பு இருக்கிற காரியத்துக்கு ஹோப்தான். அதைச் சொல்லி, பக்கத்திலேயே டிக் போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

கீழக்கரை, இப்போது துபாய்
மிஸ் சொன்னது பாதிதான். வுட் சேர்த்தால் இனி நடக்க வேண்டியதற்கும் விஷ் வரும். 'ஐ விஷ் மை ஃபாதர் வுட் கம் ஹோம்' இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் இடம் பார்த்துப் பேச வேண்டும். என் ரூம்மேட் பெருநாளுக்கு ஊருக்குப் போக மெயில் போட்டான்: 'ஐ விஷ் யூ வுட் அப்ரூவ் மை லீவ்.' மேனேஜர் நேராக அவன் மேசைக்கே வந்து, "நான் எப்போது மாட்டேன் என்றேன்?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லீவு கிடைத்தது. ஆனால் அவன் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மண்டபம் போட்டித் தேர்வு மாணவி
பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒரு வெளிநாட்டு அம்மா, 2025இல் திறந்த புது ரயில் பாலத்தையே பார்த்துக்கொண்டு, 'ஐ விஷ் த டிரெயின் வுட் கம்' என்றார். ஆட்டோ ஓட்டும் என் மாமா அவரை வெயிலிலேயே நிற்கவைத்து ரயிலைக் காட்டித்தான் அனுப்பினார். அந்த அம்மா மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சரி, தேர்வு எழுதுகிறவர்களுக்காக. 'மழை பெஞ்சா நல்லாருக்கும்', 'சொந்தமா ஒரு வள்ளம் இருந்தா நல்லாருக்கும்' இரண்டையும் நாம் ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது பிரியும். வள்ளம் இப்போது கையில் இல்லை, அதனால் 'ஐ விஷ் ஐ ஹேட் எ போட்'. ஹேட் என்று இறந்தகாலத்தில் வந்தாலும் பேச்சு இன்றைக்கு உள்ள நிலையைப் பற்றித்தான். மே மாதம் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது 'ஐ விஷ் இட் வேர் ஜூன் 15' என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். மீன்பிடித் தடை ஜூன் 14 வரை, இன்றைக்கு 15 இல்லை, அவ்வளவுதான். பேச்சில் வாஸ் போடுவார்கள், தேர்வில் வேர் போடுங்கள். மழை நம் கையில் இல்லை, அதனால் 'ஐ விஷ் இட் வுட் ரெயின்'. தன்னைப் பற்றிச் சொல்லும்போது வுட் வராது, குட்தான்: 'ஐ விஷ் ஐ குட் ஸ்விம்'. அப்புறம், வாழ்த்துச் சொல்லும் விஷ் தனி, அதை இதோடு கலக்காதீர்கள்.

தொண்டி
தங்கச்சி, இங்கே யாரும் பாடம் கேட்கவில்லையே. மிஸ், அந்தப் பையனோட அப்பா வந்துவிட்டாரா?

தங்கச்சிமடம் டியூஷன் மிஸ்
இன்னும் இல்லை அண்ணே. வழக்கு அடுத்த தவணைக்குப் போயிருக்கிறது. துபாய்த் தம்பிக்கு ஒரு வார்த்தை: வுட் எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் மேனேஜருக்குக் கோபம் வந்ததும் அதே வுட்டால்தானே? ஆளைப் பற்றிச் சொல்லும்போது, அவர் மனசு வைத்தால் செய்யலாம், செய்ய மாட்டேன் என்கிறார் என்று தொனித்துவிடும். இவன் அப்பா வரமாட்டேன் என்று சொல்லவில்லை, அடைத்து வைத்திருக்கிறார்கள். அவன் நோட்டில் ஹோப்தான் இருக்க வேண்டும்.