மறு: தரவைக் காதால் அறியும் முறைக்குத் தமிழ்ச்சொல்

புலவர் ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

> எண்களை ஒலியாக்கிக் கேட்டறியும் முறைக்கு ‘தரவிசை’ என்பது என் பரிந்துரை. கலிப்பாவில் ‘தரவு’ என்றோர் உறுப்பு உண்டு, அதை அடுத்துத் தாழிசை வரும். யாப்பிலேயே வேர் இருக்கிறது.

யாப்பு உறவு அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் பத்தாம் வகுப்பில் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் ‘தர விசை’ என்று பிரித்துப் படித்துவிட்டு, நியூட்டன் பாடத்தில் இது எங்கே வருகிறது என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிய தடை ‘இசை’. இசை என்றாலே கேட்பவர் இனிமையை எதிர்பார்ப்பார். அறுவை அரங்கில் நோயாளியின் விரலில் மாட்டிய கருவி எழுப்பும் ‘பீப்’ ஒலியை நினைத்துப் பாருங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அதன் சுருதி இறங்கும். மருத்துவர் திரையைப் பார்க்காமலே நிமிர்கிறார். அங்கே இனிமைக்கு வேலையே இல்லை.

இழையில் வந்த மற்றவற்றில் ‘ஒலிபெயர்ப்பு’ ஆகாது. ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவதற்கு அது எப்போதோ போய்விட்டது. ‘ஒலியாக்கம்’ மிகவும் அகலம். நாகஸ்வரம் ஊதினாலும் ஒலியாக்கம்தானே?

நான் ‘செவிப்படுத்தல்’ என்கிறேன். செவியில் படச் செய்வது. ‘காட்சிப்படுத்தல்’ ஏற்கெனவே பழகிவிட்டதால் பக்கத்தில் வைத்தால் பொருந்தும். ‘இந்த அட்டவணையைச் செவிப்படுத்து’ என்று வினையாகவும் நடக்கும். வினையாக நடக்காத கலைச்சொல் அகராதியை விட்டு வெளியே வருவதில்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கடைமடை. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் அப்பா மடையைத் திறந்துவிட்டு வரப்போரமே படுத்துக்கொள்வார். நடுச்சாமத்தில் கண்ணைத் திறக்காமலே, “தண்ணி கொறையுது, மேல எவனோ அடைச்சிட்டான்” என்பார். எழுந்து போய்ப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருக்கும். மடையின் இரைச்சல்தான் அவருக்கு அளவுகோல்.

இப்போது என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். மேட்டூர் நீர்மட்டத்தைத் திரைவாசிப்பான் அவளுக்கு நாள்வாரியாகப் படித்துக் காட்டும். முந்நூற்றறுபது எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மனதில் எப்படி வரைவது? ஒரு நாளுக்கு ஒரு சுரம், வினாடிக்கு எட்டு நாள் என்று நிரல் எழுதினேன். ஓர் ஆண்டு முக்கால் நிமிடத்தில் ஓடி முடிந்தது.

முதல் முயற்சி தவறிப்போனது. ஓர் அடிக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒரே சீராகக் கூட்டியிருந்தேன். அணையின் அடிமட்டத்தில் ஐந்தடி ஏறினால் பெரிய தாவலாகக் கேட்டது. நிரம்பும் நேரத்தில் அதே ஐந்தடி அசைந்த மாதிரியே தெரியவில்லை. காது கூடுதலைக் கேட்பதில்லை, விகிதத்தைத்தான் கேட்கிறது. அதிர்வெண் இரட்டித்தால்தான் அடுத்த ஸ்தாயி. பாட்டு சொல்லிக்கொடுக்கும் திருவையாற்று அக்காவிடம் கேட்டேன். “ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரஸ்தானம், உங்க அணை 120 அடி. அஞ்சடிக்கு ஒரு ஸ்தானம் வை, ரெண்டு ஸ்தாயில அடங்கிடும்” என்றார். அடங்கியது. கூடவே சுருதிப்பெட்டியையும் ஓடவிடச் சொன்னார். வரைபடத்தில் அச்சுக்கோடு செய்யும் வேலையை அது செய்கிறது.

2024-ஆம் ஆண்டை அவளுக்குப் போட்டேன். பாசனத்துக்கு அணை திறந்த நாளுக்கு மட்டும் ஒரு தவில் தட்டு வைத்திருந்தேன். “சார், ஜூன் 12-ல தட்டு கேக்கவே இல்லையே?” என்றாள். வழக்கமாகத் திறக்கும் நாள் அது. அந்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 30-ஆம் தேதி 120 அடியை எட்டியது. ஜூலைக் கடைசியில் சுரம் படபடவென்று மேலேறியதை அவள் மேசையில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். குறுவைச் சாகுபடி கைவிட்டுப்போன ஆண்டு அது. அவள் அப்பாவும் விவசாயிதான்.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டியிலிருந்து கணினி ஆசிரியன்

---

தம்பி,

‘தரவிசை’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘தர விசை’ என்று பிரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் செவிப்படுத்தலிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. மருத நிலத்துக்கு நெல்லரிகிணையும் மணமுழவும் பறை என்பார்கள். கிணை ஒலித்தால் அறுப்பு என்று ஊருக்குத் தெரியும். எத்தனை மா நிலம் அறுத்தார்கள் என்று தெரியாது. தண்டோராவும் செவிப்படுத்தல்தான், உங்கள் திரைவாசிப்பானும் அதுதான். உங்கள் அப்பா கேட்டது செய்தியை அன்று, அளவை.

நம் இலக்கணத்தில் ஒலி அளவால் நீள்வதற்கு அளபெடை என்று பெயர் உண்டு. அளவு கூடினால் ஒலி மாறும், குறைந்தால் அதுவும் கேட்கும் என்பதே இங்கு உயிர்நாடி. ‘அளவொலிப்பு’ என்று வைத்துப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து

---

ஐயா,

இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், நிற்கிறது. ‘நீர்மட்டத்தை அளவொலித்துக் கேள்’ என்றதும் பிள்ளைகள் விளக்கம் கேட்கவில்லை.

அப்படியானால் செவிப்படுத்தல் குடைச்சொல்லாக இருக்கட்டும். எச்சரிக்கை மணி, திரைவாசிப்பான், அளவொலிப்பு எல்லாம் அதன்கீழ் வரும். 1992-இல் இத்துறையினர் முதல் மாநாடு கூட்டியபோதும் குடைப்பெயர் ‘auditory display’ என்று செவி பக்கமிருந்துதான் வந்தது. ஒளி அளவீடுகளைச் சுரங்களாக்கி ஆராயும் பார்வையற்ற வானியலாளர் வாண்டா டியாஸ் மெர்செட் செய்வது அளவொலிப்பு.

இன்னொன்றைத் தனியே பிரிக்க வேண்டும். பெர்சியஸ் விண்மீன்மண்டலக் கொத்தின் வாயுவில் பரவும் அழுத்த அலையை 57, 58 ஸ்தாயி உயர்த்தி நாசா 2022-இல் வெளியிட்டது. அங்கே தரவே அலை. எண்ணுக்குச் சுரம் பொருத்தவில்லை, இருந்த அலையைக் காதுக்கு எட்டும் உயரத்துக்குத் தூக்கினார்கள். அதற்கு ‘நேரொலிப்பு’ போதுமா?

சுருதிப்பெட்டியின் நிலை ஒலிக்கு நான் ‘ஆதார ஒலி’ என்று எழுதி வைத்திருந்தேன். மாணவி அதைக் ‘கரை’ என்கிறாள். “தண்ணி கரைய விட்டு எவ்ளோ கீழ இருக்குன்னு கேக்குது சார்.” எனக்கு அவள் சொல்தான் பிடித்திருக்கிறது. பட்டியலில் அப்படியே சேர்க்கலாமா?